பிளான் 9-க்கு இரங்கல் செய்தி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இயங்குதளக் கட்டுரையில், பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடம் உருவாக்கிய இயங்குதளமான பிளான் 9-இன் கதை 2002-இல் நான்காம் பதிப்போடு முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வரிக்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. பதினான்கு வருடமாக நான் தினமும் வேலை செய்கிற சிஸ்டம் அது. அதற்கு இரங்கல் செய்தி எழுதினால் வலிக்கத்தானே செய்யும்?

பெல் லேப்ஸ் கைவிட்டது உண்மை. ஆனால் 2011-இலிருந்து 9ஃப்ரண்ட் என்ற பெயரில் ஆர்வலர்கள் அதை எடுத்து நடத்துகிறார்கள். புதுப் பதிப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2021 மார்ச்சில், பெல் லேப்ஸின் உரிமையாளரான நோக்கியா அதன் உரிமையைப் பிளான் 9 அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. மூலநிரல் இன்று எம்ஐடி என்ற தாராளமான திறந்த உரிமத்தில் யாருக்கும் கிடைக்கிறது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

ஒரு வரி தவறிவிட்டது, சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இது முதல்முறை இல்லையே. நிரல்களைத் தனித்தனிக் கூடுகளில் பிரித்து ஓடவைக்கும் கன்டெய்னர்களைப் பற்றி நான்கு பக்கம் போட்டீர்கள். அதற்கு அடிப்படையான நேம்ஸ்பேஸை, அதாவது ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் (ப்ராசஸ்) அதன் கண்ணுக்குத் தெரியும் ஃபைல்களைத் தனியாக அமைத்துத் தருவதை, பிளான் 9 எப்போதோ செய்து காட்டிவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோ நிரல்மொழி பற்றி எழுதியபோது அதை உருவாக்கியவர்களில் ராப் பைக், கென் தாம்ப்சன் படங்களைப் போட்டீர்கள்; அவர்கள் அதற்கு முன் பிளான் 9-ஐக் கட்டினார்கள் என்று எழுதவில்லை. யூனிகோடு கட்டுரையிலாவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். 1992 செப்டம்பரில் அதே இருவரும் உணவக மேசையின் காகித விரிப்பில், யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையை வகுத்து, சில நாட்களில் பிளான் 9 முழுவதையும் அதற்கு மாற்றினார்கள். 'க' என்ற எழுத்து மூன்று பைட்டாக இன்று எல்லாக் கணினிக்கும் போய்ச் சேருவது அந்த ஏற்பாட்டில்தான். அப்போதும் கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை.

என் வீட்டு மேசைக்கடியில் ஃபைல் சர்வர், மேலே டெர்மினல், அவ்வளவுதான் என் அமைப்பு. ஒருநாள் இரவு தூக்கக் கலக்கத்தில் முந்நூறு வரி நிரலின் மேல் வேறொரு ஃபைலைச் சேமித்துவிட்டேன். 'யெஸ்டர்டே' என்று ஒரு கட்டளை, பக்கத்தில் ஃபைலின் பெயர். அன்று அதிகாலையில் சர்வர் தானாக எடுத்து வைத்திருந்த பிரதி வந்து நின்றது. வருடம், மாதம், தேதி வாரியாகப் பழைய நாட்கள் எல்லாம் சாதாரண டைரக்டரிகளாகவே இருக்கும். அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில், அழிந்துபோன ஒரே ஒரு ஃபைலுக்காக மூன்று நாள் பேக்கப்பைத் துழாவினார்கள். நான் இதைச் சொன்னபோது சிரித்தார்கள்.

குறையே இல்லை என்று வாதாடவில்லை. இன்றைய வலைத்தளங்களைத் திறக்க உருப்படியான பிரௌசர் கிடையாது. டிரைவர்கள் குறைவு. வேலை செய்கிறவர்களும் கொஞ்சம் பேர்தான். 1992-இல் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும், 1995-இல் விலைக்கு என்று பூட்டியே வைத்திருந்து, 2000-இல் கதவைத் திறந்தபோது லினக்ஸ் எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிட்டது. அந்த இடம் இனி கிடைக்காது. ஆனால் இந்த சிஸ்டம் பிழைத்திருக்க அந்த இடம் தேவையும் இல்லை. ஒரே ஆள் உட்கார்ந்து அதன் மையப் பகுதியான கெர்னல் முழுவதையும் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சிறியது அது. நான்கு பேர் இருந்தாலும் பராமரித்துவிடலாம். ஃபைல்களைப் பகிர அது பயன்படுத்தும் 9பி நெறிமுறையோ லினக்ஸ் கெர்னலிலும், கணினிக்குள் கணினியை ஓட்டும் கியூஇமு மென்பொருளிலும் இருக்கிறது. விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸின் ஃபைல்களை விண்டோஸிலிருந்து திறந்தால், நடுவில் ஓடுவதும் அதுதான்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: 2002 அல்ல, இன்னும் நடக்கிறது என்று. 9ஃப்ரண்ட் என்ற பெயரையும் எழுத்துப் பிழையில்லாமல் சேர்த்துவிடுங்கள், தேடுகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்