அட்டைத் தடுப்புக்குள் ஒரு நிமிடம்

தென்காசி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்,

ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டேன் என்று நீ போனில் சொன்னபோது உன் அம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதனால் நான் எதையும் நீட்டி முழக்கவில்லை. ஆனால் பேச்சோடு பேச்சாக நீ ஒன்று சொன்னாய்: "இங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் அப்பா, ஒரு சனிக்கிழமையே வீணாகிறது." அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது. முப்பது வருடம் வரலாறு நடத்தியவன், தேர்தல் வேலைக்குப் போய்ப் பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து எழுந்தவன் நான். கொஞ்சம் பொறுமையாகப் படி.

1989 சட்டமன்றத் தேர்தலில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் எனக்கு வாக்குச்சாவடி போட்டிருந்தார்கள். ஒரு பாட்டி சீட்டைக் கையில் வாங்கியதும், "எதில் குத்தட்டும் ஐயா?" என்று கேட்டாள். வாசலுக்கு வெளியே ஊர்ப் பெரியவர் ஒருவர் கைகட்டி நின்றிருந்தார். பாட்டியின் பார்வை அவருக்கும் எனக்குமாகப் போய்ப் போய் வந்தது. அட்டைத் தடுப்பைக் காட்டி, "அதற்குள்ளே நீங்கள் எதில் குத்தினாலும் எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது" என்றேன். நம்பினமாதிரித் தெரியவில்லை. உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது, நான் சொல்லிக்கொடுத்தபடியே சீட்டை முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக மடித்திருந்தாள். அந்த முத்திரையை நீ பார்த்ததில்லை. அம்பு முனை வைத்த சிலுவைக் குறி. மடிக்கும்போது மை எதிர்ப்பக்கம் ஒட்டினாலும், திரும்பி விழுந்த குறி எது, பாட்டி குத்தியது எது என்று எண்ணுகிறவர் கண்டுபிடித்துவிடலாம். இவ்வளவு சின்ன விஷயத்தில் இவ்வளவு யோசனை!

அந்தத் தடுப்பும், அரசே அச்சடித்துக் கொடுக்கும் சீட்டும் உன் ஊர்ச் சரக்கு என்பது உனக்குத் தெரியுமா?

1856க்கு முன்னால் பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் ஓட்டு என்பது ஊரறியச் செய்கிற காரியம். யாருக்கு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அது ஏட்டில் ஏறும். நிலக்காரரும் முதலாளியும் கடன் கொடுத்தவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், டாஸ்மேனியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றுக்குப் பொறுப்பாட்சி வந்துகொண்டிருந்தது. அதாவது, லண்டன் அனுப்பும் ஆளுநரின் அதிகாரிகள் போய், சபைக்குப் பதில் சொல்லும் அமைச்சர்கள் வருவது. விக்டோரியாவில் தங்கம் தோண்டியவர்கள் உரிமக் கட்டணத்தை எதிர்த்து 1854 டிசம்பரில் பல்லாரட் பக்கம் யுரேக்காவில் அரண் கட்டிச் சண்டையிட்டுச் செத்திருந்தார்கள். அங்கே ஒரு கையை இழந்த பீட்டர் லாலர் மறுவருடமே சட்டசபையில் உட்கார்ந்தார்.

1855 டிசம்பரில் அந்த விக்டோரியா சபையில் வில்லியம் நிக்கல்சன் ரகசிய ஓட்டு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மளிகை வியாபாரி, மெல்பர்ன் மேயராக இருந்தவர். மறைந்து ஓட்டுப் போடுவது ஆங்கிலேயனுக்கு அழகல்ல என்று எதிர்த்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. அதை எதிர்த்து நின்ற ஹெய்ன்ஸ் அமைச்சரவை பதவி விலகியது. நிக்கல்சனால் அமைச்சரவை அமைக்க முடியாமல் போகவே, ஹெய்ன்ஸே திரும்பி வந்தார். எனக்குப் பிடித்த ஆள் இவர்கள் யாருமில்லை, ஹென்றி சாப்மன் என்கிற வழக்கறிஞர். மற்றவர்கள் கொள்கை பேசிக்கொண்டிருக்க, இவர் காகிதத்தையும் தச்சு வேலையையும் யோசித்தார். எல்லா வேட்பாளர் பெயரும் ஒரே சீட்டில், அரசாங்கச் செலவில் அச்சாக வேண்டும். சாவடிக்குள்தான் அது கைக்குக் கிடைக்க வேண்டும். தடுப்புக்குள் போய், வேண்டாத பெயர்களை அடித்துவிட்டு, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். 1856 மார்ச் 19 அன்று இது சட்டமானது. இரண்டு வாரத்தில், ஏப்ரல் 2 அன்று, தெற்கு ஆஸ்திரேலியாவும் சட்டம் செய்தது. தாய்நாடான பிரிட்டனுக்கு இந்தப் புத்தி வர 1872 ஆனது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் 1888இல் எடுத்துக்கொண்டபோது அதற்குப் பெயரே 'ஆஸ்திரேலிய வாக்குச்சீட்டு'. அது உலகம் சுற்றி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பாட்டி கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைத்துவிடாதே. அதே 1856இல், அதேபோலப் பொறுப்பாட்சி வந்த நியூசிலாந்தில் மே 7 அன்று சீவெல் பிரதமரானார், பதிமூன்று நாளில் போனார். அடுத்து வந்த ஃபாக்ஸும் பதிமூன்று நாள்தான். ஜூன் 2 அன்று ஸ்டாஃபர்ட் வந்த பிறகே நாற்காலி ஆடுவது நின்றது. நம் ஊர் அரசியலைப் பார்த்து இனிமேல் தலையில் அடித்துக்கொள்ளாதே.

அதே வருடம் ஏப்ரல் 21 அன்று, உன் வீட்டிலிருந்து டிராமில் போய்விடக்கூடிய மெல்பர்ன் பல்கலைக்கழகக் கட்டட வேலையில் இருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலம் போனார்கள். எட்டு மணி நேரம்தான் வேலை, கூலி குறையக் கூடாது என்றார்கள், பெற்றார்கள். லைகன் தெருப் பக்கம் உச்சியில் மூன்று எட்டுகளோடு (வேலைக்கு எட்டு, பொழுதுபோக்குக்கு எட்டு, ஓய்வுக்கு எட்டு மணி நேரம்) அதற்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு 'மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன்' என்று போனை வைக்கிற என் மகள் ஒருநாள் அதன் எதிரே ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

இனி சொல்லப்போவது அங்கே யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். அந்த விக்டோரியா சபை கூடிய நிலம் பூர்வகுடிகளான குலின் மக்களுடையது. 1835இல் பேட்மன் என்பவர் போர்வையும் கத்தியும் கொடுத்து அவர்களிடம் ஒப்பந்தம் போட்டார். நிலம் அரசருடையது என்று சொல்லி ஆளுநர் அதையும் செல்லாததாக்கினார். வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்த தன்னாட்சி அது. கப்பலில் வந்திறங்கிய சீனர் தலைக்குப் பத்து பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது. பெண்களுக்கு ஓட்டு இல்லை. அதே பிரிட்டனின் கீழிருந்த நம் சென்னை மாகாணத்தில், வரி வசூலிக்கக் குடியானவர்களுக்குக் கிட்டி போட்டு (விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து) நெரிப்பதையும், அண்ணாந்தாள் கட்டிக் குனிய வைப்பதையும் விசாரித்த ஆணையம் 1855இல்தான் அறிக்கை கொடுத்தது. நமக்கு 1856இல் கிடைத்தது ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ஒரு ரயில். இதையெல்லாம் படித்துவிட்டு நீ கோபப்படு, ஆனால் அந்த நல்ல காகிதத்தை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. இரண்டும் ஒரே காலத்துச் சங்கதிகள்தான்.

நார்த்தங்காய் ஊறுகாயைப் பெரியப்பா மகன் வரும்போது கொடுத்தனுப்புகிறோம். விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஓட்டுப் போடுகிற அன்று, அங்கே பென்சிலை நூலில் கட்டி வைத்திருக்கிறார்களா, தடுப்பு மரமா அட்டையா என்று பார்த்து எழுது. யாருக்குப் போட்டாய் என்று அம்மா கேட்பாள். சொல்லாதே.

அன்புடன்,
அப்பா