‘அவர் வந்தார்’ என்றே சொல்லிப் பழகினேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘கோல் அடிப்பவர் யாரைக் காதலித்தால் நமக்கென்ன?’ என்று சென்ற வாரம் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மனத்தோடுதான் கேட்டிருக்கிறார். ஆனால் உடை மாற்றும் அறையில் அதை யாரும் விட்டுவைப்பதில்லை. நான் பதினோரு ஆண்டுகள் தொழில்முறைக் கால்பந்தில் தற்காப்பு வீரனாக ஆடியவன், தன்பாலீர்ப்பாளன். உடன் ஆடிய ஒருவருக்கும் இது தெரியாது.

நம் மொழியில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ‘வந்தான்’ என்றால் அகப்பட்டுக்கொள்வேன். ‘வந்தாள்’ என்றால் பொய். ஆகவே என் துணைவரைப் பற்றி ‘வந்தார், சொன்னார்’ என்றே பேசப் பழகினேன். “காதலிக்கு இவ்வளவு மரியாதையா!” என்று கேலி செய்வார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள்ளேயே சரிபார்த்துவிட்டுப் பேசுவது ஆட்டத்தைவிடக் களைப்பானது.

ஜெர்மனிக்காக 52 ஆட்டங்கள் ஆடிய தாமஸ் ஹிட்சில்ஸ்பெர்கர், ஓய்வுபெற்ற பின் 2014 ஜனவரியில் தாம் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். அன்று நான் கணுக்காலில் பனிக்கட்டி வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒருவர் செய்தியை உரக்கப் படித்தார். “நம்மோடு குளிக்கிறவன் இப்படி இருந்தால்?” என்றார் இன்னொருவர். அறையே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் பலமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

முழங்கால் அறுவை சிகிச்சையின்போது ‘அவசரத் தொடர்புக்கு’ என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதினேன். ஆறு ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவர், பார்வையாளர் நேரம் வரும்வரை வெளியே நின்று, பதிவேட்டில் ‘நண்பர்’ என்று எழுதிவிட்டு உள்ளே வந்தார்.

1990இல் இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு தாம் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பின், ஆடிக்கொண்டிருக்கும்போதே சொல்ல பிரிட்டனில் இன்னொரு தொழில்முறை ஆண் வீரர் வர 2022 ஆயிற்று. பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸுக்கு அப்போது வயது 17. இடைப்பட்ட 32 ஆண்டுகளில் வேறு ஒருவருமா இருந்திருக்க மாட்டார்கள்? இருந்திருப்பார்கள், என்னைப் போலச் சிரித்துக்கொண்டு.

பயிற்சியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘பொம்பளை மாதிரி ஓடாதே’ என்று பையன்களைத் திட்டுவதை நாளைக் காலையே நிறுத்துங்கள். வரிசையில் நிற்கும் ஒருவன் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

என் பெயரை வெளியிட வேண்டாம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவர் இன்னும் வேலைக்குப் போகிறார்.

இப்படிக்கு,
முன்னாள் கால்பந்து வீரர்