கணக்கேட்டைத் திறந்து வைக்கும் மேடை

அன்புள்ள ராகவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கமலா கைத்தடியின் துணையில்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். மூத்தவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். எனக்கு வழக்கம்போல் ஒலிக்கலவைக் கூடத்தில் இரவும் பகலும் ஒன்றாகத்தான் போகின்றன.

உங்கள் திரைப்படச் சங்கத்தின் விழாவில் திரையிடல்களோடு சுயாதீன இயக்குநர்களுக்கான கலந்துரையாடல்களையும் வைக்கப் போவதாகவும், லாஸ் ஏஞ்சலஸ் லத்தீனோ சர்வதேசத் திரைப்பட விழாவில் அவை எப்படி நடக்கின்றன என்று விரிவாக எழுதும்படியும் கேட்டிருந்தாய். என்னோடு வேலை செய்பவர்களில் பலர் லத்தீனோக்கள், அதாவது மெக்சிகோ, எல் சால்வடோர் போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்தவர்கள். அவர்களுடைய குறும்படங்களுக்கு ஒலி அமைத்துக் கொடுத்த பழக்கத்தில் அந்த விழாவுக்குத் தொடர்ந்து போய் வருகிறேன். படங்களைக் காட்டிலும் அந்த அமர்வுகளுக்காகவே போகிறேன் என்று சொன்னாலும் தவறில்லை.

இத்தகைய லத்தீனோ விழாக்கள் பிறந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸின் சான் அந்தோனியோ நகரில் 1976-ஆம் ஆண்டிலேயே சிகானோக்களின், அதாவது மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்களின், திரைப்பட விழா தொடங்கிவிட்டது. சிகாகோவில் 1985-இல் பெப்பே வர்காஸ் என்ற கொலம்பியர் தொடங்கிய விழாவில் 14 படங்களை ஒரு கான்கிரீட் சுவரின்மீது ஒளிவீசிக் காட்டினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் விழாவை 1997-இல் நடிகர் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், மார்லின் டெர்மர் முதலியோர் நிறுவினார்கள். இடையில் சில ஆண்டுகள் நின்றுபோய், 2018-இல் மீண்டும் உயிர்பெற்றது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஆறு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட லத்தீனோக்கள் வாழ்கிறார்கள், அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் அவர்கள் கிட்டத்தட்டப் பாதிப்பேர். அப்படியிருந்தும் ஹாலிவுட்டுக்குள் ஒப்பந்தம் எழுதத் தெரிந்த மாமாவோ விநியோகம் தெரிந்த அத்தையோ இல்லாத குடும்பங்களிலிருந்துதான் படமெடுக்க வரும் லத்தீனோ இளைஞர்களில் பெரும்பாலோர் வருகிறார்கள். உள்ளே இருப்பவர்களின் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளர்கிற விஷயங்களை இவர்கள் பொதுமேடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கலந்துரையாடல்களின் மெய்யான பயன் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓர் அமர்வை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். பாட்டியைப் பற்றி ஆவணப்படம் எடுத்த ஓர் இளம்பெண் எழுந்து, பாட்டி சமையலறையில் மாவு பிசையும் காட்சியின் பின்னணியில் வானொலியில் ராஞ்சேரா என்ற மெக்சிகோ நாட்டுப்புற வகைப் பழைய பாடல் ஒன்று ஒலிப்பதாகவும், அதற்கு அனுமதி வாங்க வேண்டுமா என்றும் கேட்டார். மேடையில் இருந்த வழக்கறிஞர் பொதுவாகப் பேசாமல் அந்தக் காட்சியையே பிரித்துக் காட்டினார். பாடலை இயற்றியவரின் உரிமை ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கலாம், ஒன்றை வாங்கிவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டால் படம் அங்கேயே நிற்கும். ஆனால் வேறொன்றைப் படமாக்கும்போது தற்செயலாகப் பதிவான பாடலுக்கு, சில சூழல்களில் உரிமையாளரின் அனுமதியின்றியே பயன்படுத்த இடம்தரும் நியாயமான பயன்பாடு என்ற விதி துணை நிற்கலாம் என்பதையும் அவர் விளக்கினார். 2005-இல் ஆவணப்பட இயக்குநர்கள் தாங்களே கூடி அந்த விதியை எப்படிக் கையாள்வது என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதன்பிறகுதான் காப்பீட்டு நிறுவனங்களும் அத்தகைய காட்சிகள் உள்ள படங்களுக்கு, உரிமை வழக்குகள் வந்தால் ஈடுகட்டும் காப்பீட்டைத் தர முன்வந்தன. அந்தக் காப்பீடு இல்லாமல் எந்தத் தொலைக்காட்சியும் படத்தைத் தொடாது. பாட்டியின் காட்சியில் பாடல் தானாக ஒலித்ததா, அல்லது படத்தொகுப்பில் நீட்டி அடுத்த காட்சிவரை இழுக்கப்பட்டதா என்று வழக்கறிஞர் கேட்டார். இழுத்திருக்கிறேன் என்றார் அந்தப் பெண். அப்படியானால் இழுத்த பகுதியை வெட்டிவிடுங்கள், அல்லது அதற்கு உரிமை வாங்குங்கள் என்று பதில் வந்தது. அரங்கில் பாதிப்பேர் குறிப்பேட்டை எடுத்துவிட்டார்கள்.

என் துறை என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படத்தை வேற்றுமொழியில் விற்கும்போது வசனம் நீங்கலாக இசையும் ஓசைகளும் மட்டும் அடங்கிய தனி ஒலித்தடத்தை விநியோகஸ்தர்கள் கேட்பார்கள். சிறிய படங்களில் அதைப் பெரும்பாலும் யாரும் தயாரித்து வைப்பதில்லை. கலவை முடிந்து ஆறு மாதங்கள் கழித்து அதைக் கேட்டு வருபவர்கள் மறுபடியும் முதலிலிருந்து செலவு செய்ய வேண்டியதாகிறது. லத்தீனோ படங்களில் ஒரே வாக்கியத்துக்குள் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து வருவதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. மொழி விஷயத்தில் வேறொரு முட்டுக்கட்டையும் உண்டு: ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு அமெரிக்காவுக்கு வெளியே தயாரான படங்களையே அனுப்ப முடியும். லாஸ் ஏஞ்சலஸில் முழுக்க ஸ்பானிஷில் எடுத்த படத்துக்கு அந்தக் கதவு திறக்காது. இத்தகைய செய்திகளைப் படம் எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய உதவி என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பணம் பற்றிய அமர்வுகளில் இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் 7,000 டாலரில் 'எல் மரியாச்சி' என்ற தம் முதல் படத்தை எடுத்த கதை தவறாமல் வந்துவிடும். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் மருந்துச் சோதனைக்குத் தன் உடலையே கொடுத்து அதில் ஒரு பகுதியை அவர் சம்பாதித்தார் என்பது உண்மைதான், போற்றத்தக்கதுதான். ஆனால் ஹாலிவுட்டின் கொலம்பியா படநிறுவனம் அந்தப் படத்தை வாங்கித் திரையரங்குக்குக் கொண்டுவரச் செலவிட்ட தொகை அந்த 7,000 டாலரைப்போல் பல மடங்கு என்பதையும் சேர்த்துச் சொல்லும் நெறியாளரே நல்ல நெறியாளர். முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு வீட்டை அடமானம் வைக்கும் இளைஞர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. இதற்கு மாறாக, மொத்தச் செலவு 3 லட்சம் டாலருக்குள் அடங்கும் படங்களுக்கு நடிகர் சங்கம் வைத்திருக்கும் தனி ஒப்பந்தம், லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று நன்கொடையை இயக்குநரின் சார்பில் பெற்றுக்கொண்டு தன் பங்காகச் சிறு விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு போன்றவற்றைப் பொறுமையாக விளக்கும் அமர்வுகள் பரபரப்பாக இருப்பதில்லை, பயன் அவற்றில்தான்.

அண்மைக்காலத்தில் அந்தப் பணப் பேச்சில் கவலையும் கலந்துவிட்டது. 1998-இல் தொடங்கப்பட்ட லத்தீனோ பொது ஒளிபரப்பு அமைப்பு ஏராளமான ஆவணப்படங்களுக்கு முதல் பணத்தைக் கொடுத்தது. அதற்கு ஆதாரமாக இருந்தது அரசுப் பணத்தைப் பொது ஒளிபரப்புகளுக்குப் பகிர்ந்தளித்த பொது ஒளிபரப்புக் கழகம். அந்தக் கழகத்துக்கான நிதியில் 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. கழகமும் மூடப்படுவதாக அடுத்த மாதமே அறிவித்துவிட்டது. முதல் ஆவணப்படத்துக்கு இனி யாரிடம் போவது என்ற கேள்விக்கு எந்த மேடையிலும் நேரான பதில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கூடிப் பேசுவதற்கு ஓர் இடம் இருப்பது வேண்டும்.

எல்லா அமர்வுகளும் இப்படி அமைவதில்லை. திரையில் நம் முகம் ஏன் இல்லை என்ற தலைப்பில் ஐந்து பேர் அமர்ந்து, ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்லி, கைதட்டல் வாங்கிக் கலைந்துபோகும் அமர்வுகளும் உண்டு. அந்த ஆதங்கம் நியாயமானது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு அது ஏற்கெனவே தெரியும். அவர் அறிய வந்தது வேறு.

ஆகவே உங்கள் விழாவுக்கு என் யோசனை இதுதான். மேடையில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். அவர்களில் ஒருவராவது தம் படத்தின் வரவுசெலவை எண்களோடு சொல்ல முன்கூட்டியே இசைந்தவராக இருக்கட்டும். புகழ்பெற்ற இயக்குநர் அதற்கு இசையவில்லையென்றால் இசைகிற புதியவரை அழையுங்கள். நெறியாளர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கேள்விகளுக்குப் பாதி நேரத்தை ஒதுக்குங்கள். கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவு செய்பவரைப் பணிவாக நிறுத்தும் துணிவுள்ளவரை ஒலிவாங்கியோடு நிறுத்துங்கள். அமர்வு முடிந்ததும் பேச்சாளர்களை உடனே காரில் ஏற்றி அனுப்பிவிடாதே. இங்கே நான் கண்டவரை, முதல் வேலையும் முதல் தயாரிப்பாளரும் கிடைத்த பேச்சுகளெல்லாம் அரங்குக்கு வெளியே தாழ்வாரத்தில் நடந்தவை.

ஒலித்தடங்கள் பற்றி ஓர் அமர்வு வைப்பதானால் நானே வந்து பேசுகிறேன். விழா எந்த மாதம் என்பதை இப்போதே எழுது. இங்கே விடுப்புக்கு வெகு முன்னதாகவே சொல்ல வேண்டும். கமலாவிடம் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சேகர்