அம்பு செய்தவரிடம் ஒரு கேள்வி: அமெரிக்க காங்கிரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செனட்டர்களுக்கும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் 19 வருடமாகப் பொறியாளராக இருக்கிறேன். ஓட்டுரிமை உள்ள குடிமகன். துப்பாக்கிக் கம்பெனிகள் மேல் பெரும்பாலான வழக்குகளைப் போட விடாமல் தடுக்கும் உங்கள் 2005-ஆம் வருடச் சட்டத்தை நீக்கச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பி, "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று தொடங்கும் அச்சடித்த பதிலை இரண்டு தடவை வாங்கியாயிற்று. அதனால் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். படித்துச் சொல்ல யாரையாவது தேடுவீர்கள் அல்லவா, அவராவது கடைசி வரி வரை படிப்பார். நோவையிலும் டிராயிலும் ஃபார்மிங்டன் ஹில்ஸிலும் என்னைப் போல ஓட்டு வைத்திருக்கிற தமிழர்களும் படிக்கட்டும்.

துப்பாக்கிகளைப் பிடுங்கச் சொல்லி நான் எழுதவில்லை. என் நெருங்கிய நண்பர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், நவம்பர் 15-ஆம் தேதி மான் வேட்டைக் காலம் தொடங்கியதும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வடக்கே போய்விடுவார். திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு கறி வரும். மிளகைத் தூக்கலாகப் போட்டுச் சுக்கா வைத்தால் நன்றாகவே இருக்கும். அவருடைய துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

ஆனால் அவரோடுதான் எனக்கு ஓயாத சண்டை. துப்பாக்கிக் கம்பெனி மேல் வழக்குப் போடுவது பற்றிப் பேச்சை எடுத்தாலே "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பார். நல்ல பழமொழிதான். அதில் எய்தவன் இருக்கிறான், அம்பு இருக்கிறது. அம்பைச் செய்து விற்றவனைத்தான் காணோம். அந்தக் காலத்தில் அம்புக்கு விளம்பரம் கிடையாது என்பதால் இருக்கலாம்.

எய்தவனோடு சட்டம் நின்றுவிடுவதும் இல்லை. எங்கள் ஓக்லண்ட் கவுண்டியில், 2021 நவம்பர் 30 அன்று, ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்ட பதினைந்து வயதுப் பையனுக்கு ஆயுள் தண்டனை. துப்பாக்கி அவன் கைக்குப் போக விட்ட அப்பா அம்மா இரண்டு பேருக்கும் 2024-ல் தலா 10 முதல் 15 ஆண்டு சிறை. அந்த வழக்கில் துப்பாக்கி செய்த கம்பெனியின் தவறு என்று என் கண்ணுக்கு எதுவும் படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்பை வாங்கிக் கொடுத்தவர் வரை கேள்வி போகும் நாடு இது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். அதற்கு அடுத்த படியில் ஒரு கதவு இருக்கிறது. அதைப் பூட்டியது நீங்கள்.

2001 மே மாதம், சிகாகோவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், வீட்டில் யாரும் இல்லாதபோது, சிறைக்காவலரான தன் அப்பாவின் பெரெட்டா கைத்துப்பாக்கியை அலமாரியிலிருந்து எடுத்தான். தோட்டாக்கள் அடுக்கியிருந்த மேகசினைக் கழற்றி வெளியே எடுத்தான். அது கையில் வந்துவிட்டதால் துப்பாக்கி காலி என்று நினைத்துக்கொண்டான். அதே வயதுக் கூட்டாளி வீட்டுக்கு வந்தபோது விளையாட்டாக அவன் பக்கம் நீட்டி விசையை இழுத்தான். குழல் அறைக்குள் ஒரு தோட்டா பாக்கி இருந்தது. வந்த பையன் இறந்துபோனான்.

மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி சுடக் கூடாது என்று ஒரு சின்னப் பொறியமைப்பு உண்டு. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. 1935-ல் வந்த பிரவுனிங் ஹைபவர் கைத்துப்பாக்கியிலேயே அது இருந்தது. இந்தத் துப்பாக்கியில் இல்லை. இறந்த பையனின் குடும்பம் அதைத்தான் நீதிமன்றத்தில் கேட்டது. கம்பெனிக்கும் பதில் இருந்தது: அறையில் தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளம் துப்பாக்கியிலேயே உண்டு என்றார்கள். என் நண்பரைக் கேட்டால் இன்னொரு பதிலும் சொல்வார். மேகசின் மாற்றுகிற அந்த இரண்டு நொடியில் எதிராளி முன்னால் வந்து நின்றால் போலீஸ்காரர் என்ன செய்வார்? சரி, நியாயமான கேள்வி. பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி இரண்டு பக்கத்தையும் கேட்டு, கம்பெனி சொல்வதே சரி என்று முடிவு செய்திருந்தால் நான் இந்தக் கதையை இங்கே இழுத்திருக்க மாட்டேன்.

ஜூரி வரை அது போகவே இல்லை. 2009-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. காரணம், 2005-ல் நீங்கள் நிறைவேற்றிய சட்டபூர்வ ஆயுத வர்த்தகப் பாதுகாப்புச் சட்டம். வடிவமைப்புக் கோளாறு என்றால் வழக்குப் போடலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்குக்குள்ளேயே ஒரு பொறியும் உண்டு: ஒருவர் தானாக இழுத்துச் சுட்டு, அது குற்றச் செயலாகவும் இருந்தால், நடந்த கேட்டுக்கு அந்தச் செயல் ஒன்றே முழுக் காரணமாகக் கொள்ளப்படும். சிறார் நீதிமன்றம் அந்தப் பையன் மேல் குற்றம் நிரூபணமானதாகச் சொல்லியிருந்தது. ஆகவே முழுக் காரணம் அவன்தான். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் மொத்தப் பழியையும் சுமந்ததால் துப்பாக்கியின் வரைபடத்தை யாரும் விரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சட்டத்தின் முதல் பக்கத்தில், பொருள் "வடிவமைத்தபடியும் கருதியபடியும் இயங்கியபோது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தொழிலில் கேள்வி ஆரம்பிப்பதே அங்கேதான். ஒரு பாகத்தை வரைந்து முடித்ததும் அது எப்படியெல்லாம் பழுதாகும் என்று பட்டியல் போடுவோம். அப்புறம், வாங்குகிறவர் அதை எப்படியெல்லாம் தப்பாகப் பயன்படுத்துவார் என்று இன்னொரு பட்டியல். குழந்தை என்ன செய்யும், குடித்தவர் என்ன செய்வார், அவசரத்தில் இருப்பவர் என்ன செய்வார். "பயன்படுத்தியவர் தவறு" என்று எழுதி மீட்டிங்கிலிருந்து எழுந்து போக முடியாது. நாங்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. அந்தக் காகிதத்தை என்றாவது ஒரு நாள் எதிர்த் தரப்பு வக்கீல் நீதிமன்றத்தில் உரக்கப் படிப்பார் என்கிற பயம்தான். நள்ளிரவில் எத்தனையோ தடவை ஒரு சோதனையைத் திரும்பச் செய்ய வைத்தது அந்தப் பயம்.

இது உங்களுக்கும் தெரிந்ததுதான். உங்கள் காரில் பிரேக்கை மிதிக்காமல் 'பார்க்'கிலிருந்து கியரை எடுக்க முடியாது அல்லவா? வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் ஏறிய குழந்தை விளையாட்டாகக் கியரை இழுத்துவிடுகிறது, கார் உருண்டுவிடுகிறது. அதற்காகத்தான் அந்தப் பூட்டு. பல கம்பெனிகள் தாமாகவே வைத்தன. எல்லாக் காரிலும் வைக்க வேண்டும் என்று 2008 பிப்ரவரியில் சட்டம் போட்டது இதே காங்கிரஸ். கையெழுத்திட்டவர், 2005 சட்டத்திலும் கையெழுத்திட்ட அதே ஜார்ஜ் புஷ். காரைப் பின்னால் எடுக்கும்போது திரையில் தெரிகிற கேமராவும் அந்தச் சட்டத்தின் வழியாக வந்ததுதான். கார் விஷயத்தில், "அப்பா பார்த்து ஓட்டியிருக்க வேண்டும்" என்று சொல்லி நீங்கள் கையைக் கழுவவில்லை. கியரை இழுக்கிற குழந்தையின் கைக்குக் கார் கம்பெனி பொறுப்பு. விசையை இழுக்கிற குழந்தையின் கைக்கு யாரும் பொறுப்பில்லை.

2005-ல் உங்களுக்கு ஒரு காரணம் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. 1998-ல் நியூ ஆர்லியன்ஸும் சிகாகோவும் துப்பாக்கிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டன. அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் டெட்ராய்ட் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களும் கவுண்டிகளும் சேர்ந்துகொண்டன. அதே 1998 நவம்பரில்தான் சிகரெட் கம்பெனிகள் 46 மாநிலங்களோடு சமரசம் செய்துகொண்டு 20,000 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டிருந்தன. சிகரெட் கம்பெனிகளோடு ஒப்பிட்டால் துப்பாக்கிக் கம்பெனிகள் சின்னவை. தீர்ப்பு வரும் முன்பே வக்கீல் செலவில் மூழ்கிவிடுவோம் என்று பயந்தார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. அந்த வழக்குகள் சிலவற்றில் நஷ்டஈட்டைவிட நெருக்கடி கொடுப்பதே நோக்கமாக இருந்தது என்று நானே நினைக்கிறேன். ஆனால் அதற்கு மருந்தாக செனட்டில் 65-க்கு 31 என்றும் சபையில் 283-க்கு 144 என்றும் ஓட்டுப் போட்டு நீங்கள் கொடுத்தது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

கதவில் ஒரு இடுக்கு இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. யாரும் விசையைத் தொடாமலே வெடிக்கிறது என்று புகார் வந்த சிக் சாவர் பி320 கைத்துப்பாக்கி வழக்குகள் ஜூரி வரை போயின. சாண்டி ஹூக் வழக்கும் அந்த இடுக்கின் வழியாகத்தான் உள்ளே போனது. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டின் நியூடவுனில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில், 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். ஒன்பது பேரின் குடும்பங்கள் வழக்குப் போட்டன. துப்பாக்கியில் கோளாறு என்று வாதாட முடியாது. விற்பனை தொடர்பான சட்டத்தைத் தெரிந்தே மீறினால் வழக்குப் போடலாம் என்ற விலக்கு ஒன்றுதான் மிச்சம். 'இதை வாங்கினால் உங்கள் ஆண்மை அட்டை திரும்பக் கிடைத்துவிட்டது' என்கிற மாதிரி புஷ்மாஸ்டர் செய்த விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 2019-ல் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில்தான் வழக்கை அனுமதித்தது. 2022 பிப்ரவரியில் 7.3 கோடி டாலருக்குச் சமரசம். அதற்குள் புஷ்மாஸ்டரைச் சொந்தமாக வைத்திருந்த ரெமிங்டன் கம்பெனி திவாலாகியிருந்ததால், கொடுத்தவை காப்பீட்டு நிறுவனங்கள். கம்பெனியின் உள் ஆவணங்களை வெளியிடும் உரிமை வேண்டும் என்பதில் அந்தக் குடும்பங்கள் உறுதியாக நின்று அதையும் வாங்கினார்கள். அது எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. உள்ளே என்ன பேசினார்கள், எதைத் தெரிந்துகொண்டே விட்டார்கள் என்பதெல்லாம் வழக்கு நடந்தால்தான் வெளியே வரும்.

ஒரு ஓட்டு மாறியிருந்தால் அவர்களும் கொலராடோவில் அந்தப் பெற்றோர் நின்ற இடத்தில் நின்றிருப்பார்கள். 2012 ஜூலையில் அரோரா திரையரங்கில் மகளைப் பறிகொடுத்தவர்கள், கொலையாளிக்கு ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் தோட்டா விற்ற கடை மேல் வழக்குப் போட்டார்கள். உங்கள் சட்டத்தையும் மாநிலத்தின் சொந்தச் சட்டத்தையும் காட்டி வழக்கு தள்ளுபடியானது. அதோடு விடவில்லை. கடைக்காரர் தரப்பு வக்கீல் செலவு, இரண்டு லட்சம் டாலருக்கு மேல், அவர்கள் தலையில் விழுந்தது. கடைசியில் திவால் மனு. கொலராடோ 2023-ல் தன் சட்டத்தை மாற்றிவிட்டது. உங்களுடையது அப்படியே இருக்கிறது.

2025 ஜூன் 5 அன்று அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகள் மேல் மெக்சிகோ அரசு போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒரே குரலில் தள்ளியதை என் நண்பர் உடனே எனக்கு அனுப்பிவைத்தார், கூடவே சிரிக்கும் முகம் இரண்டு. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எலெனா கேகன். துப்பாக்கிகள் கடத்தல்காரர் கைக்குப் போகின்றன என்று பொதுவாகத் தெரிந்திருப்பது வேறு, குற்றத்துக்கு உடந்தையாக இருப்பது வேறு என்பது அதன் சாரம். எனக்கு அதில் வருத்தமில்லை. உடந்தை என்றால் என்ன என்பதை அவர் அளந்தது பழைய, எல்லோருக்கும் பொதுவான கோலை வைத்துத்தான். வலுவில்லாத வழக்கை அந்தக் கோலே தடுத்துவிடுகிறது என்றால், ஒரு தொழிலுக்கு மட்டும் தனி வேலி எதற்கு?

சில தொழில்களுக்கு விலக்குக் கொடுக்க வேண்டிவரும், ஒப்புக்கொள்கிறேன். 1986-ல் தடுப்பூசிக் கம்பெனிகளுக்குக் கொடுத்தீர்கள். ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்க ஒரு நிதியும் வைத்தீர்கள். தடுப்பூசி ஒவ்வொன்றிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி அதற்குப் போகிறது. துப்பாக்கியிலும் வரி உண்டு. கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். 1937-ஆம் வருடச் சட்டத்தின் வழியாக அதில் பெரும்பகுதி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. நல்ல காரியம்தான், என் நண்பர் சுடுகிற மான்கள் செழித்திருப்பதில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. குண்டடிபட்ட மனிதருக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தை 1972-ல் அமைத்தபோதே துப்பாக்கியை அதன் வரம்புக்கு வெளியே வைத்தீர்கள். பொம்மைத் துப்பாக்கியின் முனை ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்று சொல்ல இந்த நாட்டில் சட்டம் உண்டு. நிஜத் துப்பாக்கியில் கோளாறு என்றால் திரும்பப் பெறு என்று கம்பெனிக்கு உத்தரவிட ஒரு அலுவலகமும் இல்லை. கண்காணிக்க ஆணையமும் இல்லை, நஷ்டஈட்டு நிதியும் இல்லை, நீதிமன்றமும் பெரும்பாலும் இல்லை. இப்படி மூன்றையும் அடைத்துக்கொண்ட இன்னொரு சரக்கு எனக்குத் தெரிந்து கடையில் இல்லை.

இந்தச் சட்டம் கம்பெனிகளுக்குத் தருகிற பாதுகாப்பை நீக்கும் மசோதாவை உங்களில் ஒருவரான ஆடம் ஷிஃப் பல தடவை கொண்டுவந்துவிட்டார். அதற்கு ஓட்டுப் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அதற்கு மனமில்லை, தொகுதியில் பதில் சொல்ல முடியாது என்றால், குறைந்தபட்சம் அந்த ஒரு வாக்கியத்தை, இழுத்த விரலே முழுக் காரணம் என்கிற வாக்கியத்தை, எடுத்துவிடுங்கள். மேகசின் பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பொறியாளர்களும் வக்கீல்களும் ஜூரி முன்னால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். கம்பெனி ஜெயித்தாலும் ஜெயிக்கட்டும்.

பதில் எழுதுவதாக இருந்தால் அச்சடித்தது வேண்டாம், அந்தப் பதில் என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. அந்த வாக்கியத்தை நீக்க ஓட்டுப் போடுவீர்களா, மாட்டீர்களா என்று ஒரு வரி போதும். ஆங்கிலத்தில் எழுதினாலும் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
மிச்சிகன் வாக்காளர் ஒருவர்