ட்ரைபாட் பற்றி நீ கேட்டது

பழையபேட்டை, கிருஷ்ணகிரி
ஆனி 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாங்காய் இந்த வருஷம் சுமார்தான், தோத்தாபுரிக்கு விலையே இல்லை. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு மாதமாக போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். போன வாரம் திடீரென்று, செப்டம்பரிலிருந்து நான்கு மாதம் ஜார்ஜியா, ஆர்மேனியா, துருக்கி போகிறேன், எந்த கேமரா வாங்கட்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். ஒரே லென்ஸ் போதுமா, கேமராவை நிறுத்தி வைக்கும் மூன்று கால் ட்ரைபாடும் ரிமோட்டும் வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். கடைசிக் கேள்வியை நான்கைந்து தடவை படித்தேன். இரண்டு பேர் போனால் ஒருவரை ஒருவர் எடுத்துக்கொள்ளலாமே என்றாள் அம்மா. நான் பதில் சொல்லவில்லை. கேமராவைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் எடை. கடையில் பாடி எடையை மட்டும் சொல்வார்கள். நீ தூக்கப்போவது பாடியும் லென்ஸும் சேர்ந்த எடை. இப்போதைய மிரர்லெஸ் கேமராவில் உள்ளே இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டதால், லென்ஸ் மாட்டும் வளையமான மௌண்டுக்கும் படம் பதியும் சென்சாருக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்தது. நிகானின் பழைய எஃப் மௌண்டில் அது 46.5 மி.மீ., இப்போதைய இசட் மௌண்டில் 16. பாடி மெலிந்தது அதனால்தான். ஆனால் பெரிய சென்சாரை நிரப்ப வேண்டிய லென்ஸ் அப்படி மெலியாது. பெரிய சென்சார் உள்ளதை ஃபுல்ஃப்ரேம் என்பார்கள், அதில் சோனி ஏ7சி II பாடி 514 கிராம்தான். அதில் அவர்களுடைய 24-70 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பைப் போட்டால் ஒன்றேகால் கிலோவை நெருங்கிவிடும். உன் வலது மணிக்கட்டு இருக்கும் நிலைக்கு அது ஆகாது. கட்டு அவிழ்த்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

என் கணக்கு இது. சோனி ஏ6700, பேட்டரி, கார்டு சேர்த்து 493 கிராம். அதற்கு சிக்மா 18-50 எஃப்/2.8 லென்ஸ், 290 கிராம். எஃப் எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். மொத்தம் 783. நாள் முழுக்கத் தோளில் கிடந்தாலும் தாங்கலாம். இதைவிட இலேசு வேண்டுமென்றால் ஃபுஜி எக்ஸ்-டி50, 438 கிராம். 16-50 லென்ஸ் 240 சேர்த்தால் 678. படத்தின் கலர் கேமராவிலேயே அழகாக வரும், கம்ப்யூட்டரில் உட்கார வேண்டாம். ஆனால் பேட்டரி சிறியது. கம்பெனிக் கணக்கிலேயே ஒரு சார்ஜுக்கு முந்நூறு சொச்சம் படம்தான், சோனியில் ஐந்நூற்று எழுபது போல. குளிரில் இரண்டும் இன்னும் குறையும். மலை ஊரில் கரண்ட் எப்போது இருக்குமோ தெரியாது, எனக்கு சோனிதான் சரியாகப் படுகிறது. கேனான் ஆர்50 இன்னும் இலேசு, 375 கிராம். அதன் 18-45 கிட் லென்ஸ் மங்கிய வெளிச்சத்துக்குப் போதாது, கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசரும் பாடியில் இல்லை.

தம்பி சொன்ன ஏ6400 வேண்டாம். 403 கிராம் என்பது உண்மைதான், ஆனால் அதிலும் பாடி ஸ்டெபிலைசர் இல்லை, சிக்மா லென்ஸிலும் இல்லை. அந்த நாட்டுக் கல் தேவாலயங்கள் உள்ளே இருட்டாக இருக்கும், ஜன்னல் ஒரு சாண் அகலம். ஷட்டர் 1/15 செகண்டுக்கு இறங்கினால் கை ஆடுவது படத்தில் தெரியும். ஏ6700-இல் மூச்சை அடக்கி முழங்கையை விலாவில் ஊன்றி எடுத்தால் அந்த ஸ்பீடிலும் கிடைக்கும். தொண்ணூறு கிராம் மிச்சம் பிடிக்கப் போய் அதை விடாதே. உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று பல இடங்களில் எழுதியிருக்கும், கேட்டுவிட்டு எடு.

ஒரே லென்ஸ் போதும். சிக்மா 18-50 ஃபுல்ஃப்ரேம் கணக்கில் 27 முதல் 75 வரை வரும், தெரு, சாப்பாடு, மனிதர்கள், மலை எல்லாம் இதில் அடங்கும். லென்ஸ் மாற்றவில்லை என்றால் சென்சாரில் தூசி விழாது. துருக்கியில் கப்படோக்கியா பக்கம் மண் மாவு மாதிரி பறக்கும். காற்றடிக்கும் ரப்பர் ப்ளோயர் ஒன்று வைத்துக்கொள், வாயால் ஊதாதே, எச்சில் துளி சென்சாரில் காய்ந்தால் கழுவத்தான் வேண்டும். லென்ஸின் முன் விட்டம் 55 மி.மீ., அதற்கு நல்ல யு.வி. ஃபில்டர் ஒன்று வாங்கு. ஹூட் எப்போதும் மாட்டியே இருக்கட்டும், இடித்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

பேட்டரி மொத்தம் மூன்று. ஒவ்வொன்றும் 83 கிராம், 16.4 வாட் அவர். விமானத்தில் உபரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டு. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட் அவர், விமான வரம்பான 100-க்குக் கீழே என்பதால் பிரச்சினை இல்லை. கேமரா யு.எஸ்.பி.-சியிலேயே சார்ஜ் ஆகும். அங்கே உருண்டை இரண்டு பின் ப்ளக், நம் மூன்று பின் நுழையாது. கரண்ட் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ், வீடியோவுக்கு ஷட்டர் 1/50 வைத்தால் விளக்கு மினுக்காது. எல்.ஈ.டி. வெளிச்சத்தில் சைலன்ட் ஷட்டர் போடாதே, படத்தில் பட்டை விழும்.

ஏ6700-இல் கார்டு ஒன்றுதான் போடலாம். அதனால் 128 ஜி.பி. ஒன்றுக்குப் பதில் வி30 கார்டு 64 ஜி.பி. மூன்று வாங்கு. தினமும் ராத்திரி ஒரு எஸ்.எஸ்.டி.யில் ஏற்று. எஸ்.எஸ்.டி. ஒரு பையில், கார்டு இன்னொரு பையில். ஏற்றியதைத் திறந்து பார்த்த பிறகுதான் அழி, அதையும் கேமராவிலேயே ஃபார்மட் செய். இறங்கியதும் கடிகாரத்தை மாற்று. ஜார்ஜியாவும் ஆர்மேனியாவும் நமக்கு ஒன்றரை மணி பின்னால், துருக்கி இரண்டரை மணி. ஜார்ஜியாவில் ராத்திரி எட்டு என்றால் இங்கே ஒன்பதரை, நம் கடையில் விளக்கு எரியும், நான் விழித்திருப்பேன்.

குளிரில் பேட்டரியை உள்சட்டைப் பையில் வை. டிசம்பரில் பனியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும் முன், வெளியிலேயே கார்டைக் கழற்றிக்கொண்டு கேமராவை ஜிப் கவரில் இறுக மூடு. உள்ளே வந்து ஒன்றிரண்டு மணி நேரம் திறக்காதே. இல்லாவிட்டால் லென்ஸ் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். நனைந்தால் அரிசியிலோ ராகியிலோ புதைக்காதே, மாவுதான் உள்ளே போகும். பேட்டரியை எடுத்துவிட்டு ஃபேன் காற்றில் வை.

தோல் உறையில் வைக்காதே. துணிப் பையும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

வாங்கும் கடையிலேயே பாக்ஸ், பாடி, வாரன்டி கார்டு மூன்றிலும் சீரியல் எண் ஒன்றா என்று பார். இந்திய வாரன்டி இல்லாத பொருள் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். லென்ஸ் மூடியைப் போட்டு பத்து செகண்ட் எடுத்துப் பார், புள்ளி புள்ளியாக வெளிச்சம் இருந்தால் மாற்றச் சொல். செங்கல் சுவரை நேராக நின்று எஃப்/2.8-இல் எடு, நான்கு மூலையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எஃப்/16-இல் வானத்தை எடு, தூசி இருந்தால் தெரியும். ஆகஸ்டுக்குள் வாங்கிவிட்டால் ஐந்நூறு படம் எடுத்துப் பழகலாம். ஒகேனக்கல் சாரலில் நின்று எடுத்துப் பார், துடைக்கும் துணி எத்தனை வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும். பெங்களூர் ஏர்போர்ட்டில் பெட்டியைப் போடும் முன் கஸ்டம்ஸில் கேமராவையும் பில்லையும் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொள். திரும்பி வரும்போது வரி கேட்க மாட்டார்கள். திரும்பி வரும்போது என்று எழுதியிருக்கிறேன், கவனி.

இனி ட்ரைபாட். நல்லது பெரும்பாலும் ஒரு கிலோவுக்குக் குறையாது, பல மசூதிகளிலும் மியூசியங்களிலும் விடவும் மாட்டார்கள். ரிமோட் தனியாக வேண்டாம், போனில் சோனி ஆப் போட்டால் அதுவே ரிமோட். ஒரு சாண் உயர மேஜை ஸ்டாண்ட் போதும், மதில் மேல் வைக்கலாம். ஆனால் கேமராவை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நீ நிற்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கேமரா போனால் போகட்டும். இருட்டிய பிறகு அப்படி நிற்காதே. எடை குறைவாக இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது மணிக்கட்டுக்காக மட்டும் இல்லை. எல்லாவற்றையும் நீயே தூக்குவாய் என்று தெரிகிறது. மாப்பிள்ளை வருகிறாரா என்று நான் கேட்கவில்லை. வருவதானால் பேட்டரி நான்காக வாங்கு.

தோல் உறை வேண்டாம் என்றேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் சம்பளத்தில் நீ வாங்கித் தந்த 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸ் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று இரண்டு பொங்கலுக்கும் சொன்னேன். போகவில்லை. பீரோவில் தோல் உறையில் இருந்தது. தோல் ஈரத்தை விடாது. அந்த ஐப்பசி மழையில் ஃபங்கஸ் பிடித்துவிட்டது, டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி. ஊர் முழுக்கப் பிறத்தியார் லென்ஸைத் துடைத்துக் கொடுத்தவன் அதை எடுத்து மாட்டவே இல்லை. அப்போது கடை படுத்திருந்தது. மகள் வாங்கித் தந்து தொழில் செய்கிறேன் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. நீ என்ன ஆசையோடு கொடுத்தாய் என்று பார்க்கவில்லை, உன்னிடம் பொய் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை பிரித்துத் துடைத்தேன். பூஞ்சை போய்விட்டது, கோட்டிங்கை அது தின்ற தடம் போகாது. சிறு புள்ளியாக இருந்தபோதே பிரித்திருந்தால் தப்பியிருக்கும். இப்போது எதிர் வெளிச்சத்தில் புகை மூட்டம்போல் தெரியும், நேர் வெளிச்சத்தில் நன்றாகவே எடுக்கிறது. மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

உனக்கு எப்போது தோதுப்படும் என்று சொல், கேமரா வாங்கும் அன்று நானும் பெங்களூர் வருகிறேன். காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினால் கடை திறக்கும் முன் வந்துவிடலாம். சீரியல் எண்ணும் செங்கல் சுவரும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பேச வேண்டும் என்று இல்லை. வர வேண்டாம் என்றால் அதையாவது ஒரு வரி எழுது. அம்மா ராகி மாவு அரைத்து வைத்திருக்கிறாள், எத்தனை கிலோ கொண்டுவரட்டும்?

அப்பா