டேப்பைப் பூட்டி வச்சிருக்கிற ரெக்கார்டு கம்பெனிக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய பிரிட்டிஷ் ஃபோக் ராக் (நாட்டுப்பாட்ட ராக் வாத்தியங்களோட கலந்து பாடுறது) ஆல்பங்களோட உரிமைய கையில வச்சுக்கிட்டு, விக்கவும் விக்காம, யாரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்காம இருக்கிற கம்பெனிகளுக்கு,

வணக்கம்ங்க. தமிழ்ல எழுதினா எங்களுக்கு எப்படிப் புரியும்னு கேக்காதீங்க, இங்கிலீஷ்ல அனுப்பின மெயிலுக்கே பதில் வரல. ஆல்பம் பேரு, கேட்டலாக் நம்பர், வந்த வருஷம் எல்லாம் போட்டு, இது இப்ப உங்ககிட்டதான் இருக்கா, இருந்தா திரும்பப் போடுற ஐடியா இருக்கா, அட்லீஸ்ட் காசு கட்டி டவுன்லோடு பண்ற மாதிரியாவது வைப்பீங்களான்னு மரியாதையாத்தான் கேட்டேன். "எங்ககிட்ட இல்ல"ன்னு ஒத்த வரி வந்திருந்தாக்கூட வேற பக்கம் தேடப் போயிருப்பேன். சரி, இனிமே தனி மெயில் வேலைக்காகாதுன்னு பொதுவுல எழுதிட்டேன். நம்ம ஆளுங்கள்லயும் பழைய பாட்டுப் பைத்தியம் புடிச்சவங்க ஏகப்பட்ட பேரு இருக்காங்க, அவங்களுக்காவது என் வயித்தெரிச்சல் புரியும்.

எதைப் பத்திப் பேசுறேன்னு முதல்ல சொல்லிடுறேன். ஃபேர்போர்ட் கன்வென்ஷன், பென்டாங்கிள், ஸ்டீலை ஸ்பேன் மாதிரி பெரிய பேருங்களோட முக்கியமான ரெக்கார்டெல்லாம் கிடைச்சுக்கிட்டுதான் இருக்கு, ஃபேர்போர்ட்டோட 1969 ஆல்பம் லீஜ் அண்ட் லீஃப் வேணும்னா இன்னிக்கே வாங்கிடலாம், அதுல புகார் இல்ல. அதே மாதிரி இன்னொரு ஓரத்துல ஆபரான்னு ஒரு குரூப், ராட்லி காலேஜ் பசங்க, 1971-ல மொத்தமே 99 காப்பிதான் அடிச்சாங்க (அப்ப நூறுக்குக் கீழ அடிச்சா பர்ச்சேஸ் டாக்ஸ் கட்ட வேணாம், அந்தக் காலத்து பிரைவேட் ரெக்கார்டு நிறைய 99-லயே நிக்கிறதுக்கு இதான் காரணம்), அது கிடைக்கலன்னு உங்க மேல கோவப்பட முடியாது. என் கோவமெல்லாம் இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஆல்பங்களுக்காக. ஒழுங்கா ஸ்டூடியோ, லேபிள் (அதாவது ரெக்கார்டு போடுற கம்பெனி), கான்ட்ராக்ட்னு எல்லாம் போட்டு வெளிய வந்து, கடையில வித்து, அப்புறம் லேபிள் கை மாறி கை மாறி இப்ப எவன் பீரோவுல கிடக்குதுன்னே தெரியாம போன ஆல்பங்கள்.

பிரைட் ஃபீபஸ்ங்கிற ஆல்பத்த எடுத்துக்குங்க. தங்கச்சி லால் வாட்டர்சனும் அண்ணன் மைக் வாட்டர்சனும், இங்கிலாந்துல ஹல் ஊருக்காரங்க, குடும்பமா சேந்து வாத்தியமே இல்லாம பழைய நாட்டுப்பாட்டு பாடிப் பேரு வாங்கினவங்க, திடீர்னு சொந்தமா பாட்டு எழுதி 1972-ல பில் லீடரோட ட்ரெய்லர் லேபிள்ல போட்டது. லண்டன்ல செசில் ஷார்ப் ஹவுஸ் பேஸ்மென்ட்ல ரெக்கார்டிங், வந்து வாசிச்சவங்க லிஸ்ட்டப் பாத்தா ரிச்சர்ட் தாம்சன், மார்ட்டின் கார்த்தி, ஆஷ்லி ஹட்சிங்ஸ், டேவ் மேட்டக்ஸ், டிம் ஹார்ட், மேடி ப்ரையர், அதாவது இங்கிலீஷ் ஃபோக் ராக்குன்னு நாம எதைச் சொல்றோமோ அதுல பாதிப் பேரு ஒரே ரூம்ல. அடிச்சது ரெண்டாயிரம் காப்பின்னு சொல்வாங்க, அதுலயும் பாதிக்கு நடு ஓட்டை சென்டர்ல விழல.

எல்பி கேக்குறவங்களுக்கு இது என்ன கொடுமைன்னு தெரியும். தட்டு சுத்தச் சுத்த ஊசி இருக்கிற கை உள்ள வெளிய உள்ள வெளியன்னு ஆடிட்டே இருக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ சுருதி மேல போயி கீழ வரும், நிமிஷத்துக்கு 33 தடவ. தட்டோட ஓரத்துல கொஞ்சம் பொறுத்துக்கலாம், நடுவுல பேரு ஒட்டியிருக்கிற இடத்துக்கிட்ட வர வர ஆட்டம் ஜாஸ்தியாத் தெரியும், அதுவும் இழுத்துப் பாடுற இடம் வந்துச்சுன்னா எழுந்து போயி ஆஃப் பண்ணிடத் தோணும். லால் பாடுறது ஏற்கனவே அலங்காரம் எதுவும் இல்லாத, நேரா வந்து நெஞ்சுல விழுற குரல், அந்தக் குரல இப்படி அலைய விட்டுக் கேக்குறதுக்கு கேக்காமலே இருக்கலாம். இந்தக் காப்பிக்கும் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல விலை உண்டுங்கிறதுதான் கூத்து.

2017-ல டாமினோ லேபிள்காரங்க அந்த ஆல்பத்த நல்லபடியா திரும்பக் கொண்டு வந்தாங்க, லால் பொண்ணு மேரி வாட்டர்சனும் அந்த வேலையில கூட நின்னாங்க. அப்புறம் உரிமை யாரோடதுன்னு தகராறு, அதுவும் கடையில இல்லாம போச்சு. யாரு பக்கம் நியாயம்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, பேப்பர் என்ன சொல்லுதுன்னு வக்கீலுங்க பாத்துக்கட்டும். ஆனா லால் 1998-லயே போயிட்டாங்க, மைக் 2011-ல. பாடினவங்க இல்ல, எழுதினவங்க இல்ல, கேக்க ஆளு இருந்துச்சு, தட்டு மட்டும் இல்லாம போச்சு. வைக்கப்போர் நாய் கதை எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்கே தெரியும், தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாது. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

கிட்டார் வாசிச்சுப் பாடின நிக் ஜோன்ஸ் விஷயமும் இதேதான், இன்னும் கொஞ்சம் மனசு கஷ்டப்படும். 1970-லருந்து 1980 வரைக்கும் அஞ்சு சோலோ ஆல்பம். விரலால தந்தியத் தட்டித் தட்டி ஒரு தாளம் கொடுத்துக்கிட்டே மேல பாட்ட வாசிப்பாரு, அந்த ஸ்டைல இன்னிக்கும் கிட்டார் படிக்கிறவங்க உக்காந்து பிரிச்சு மேயுறாங்க. 1982 பிப்ரவரி 26, ஒரு ஃபோக் கிளப்ல பாடிட்டு ராத்திரி காரு ஓட்டிட்டு வரும்போது ரோட்டுக்கு வந்த செங்கல் லாரி மேல மோதி, ஆறு வாரம் கோமா, எட்டு மாசம் ஆஸ்பத்திரி, அதோட அந்த கிட்டார் முடிஞ்சுது. அந்த மனுஷன் அதுக்கப்புறம் புதுசா வாசிச்சு சம்பாதிக்க வழியே இல்ல, இருக்கிறது ஏற்கனவே வாசிச்சு வச்சதுதான். அதுல டாபிக் லேபிள்ல வந்த கடைசி ஆல்பம் பெங்குவின் எக்ஸ் மட்டும் விடாம கிடைச்சுது, முந்தின நாலையும் ரொம்ப வருஷத்துக்குக் கண்ணுல காட்டல. கடைசியில அவர் குடும்பமே மாலி மியூசிக்னு ஒண்ணு ஆரம்பிச்சு, யாரோ கச்சேரில பதிவு பண்ண பழைய டேப்பெல்லாம் தேடிப் புடிச்சு சிடி போட்டாங்க. ஸ்டூடியோல பக்காவா பதிவானது எங்கயோ தூங்கிக்கிட்டு இருந்துச்சு, கிளப்ல எடுத்த டேப்ப வச்சு குடும்பம் சமாளிச்சுது, இது யாருக்குங்க நல்லது?

தேடுற எங்க பொழப்பப் பத்தியும் ரெண்டு வார்த்தை. ஆல்பம் எந்த கம்பெனி கையில இருக்குன்னு கண்டுபிடிக்கிறதே ஒரு துப்பறியும் வேலை. டிரான்ஸ்அட்லான்டிக்னு ஒரு லேபிள், நாட் ஜோசஃப் 1961-ல ஆரம்பிச்சது, பென்டாங்கிள் இருந்தது அங்கதான், மிஸ்டர் ஃபாக்ஸும் அங்கதான். அவர் வித்தாரு, அது கை மாறி காஸில்கிட்ட போச்சு, காஸில சாங்ச்சுவரி வாங்குச்சு, 2007-ல சாங்ச்சுவரிய யுனிவர்சல் வாங்குச்சு, அப்புறம் இஎம்ஐ-ங்கிற இன்னொரு பெரிய கம்பெனிய வாங்கப் போயி இதைக் கழட்டி விட வேண்டிய நிலைமை வந்து 2013-ல பிஎம்ஜி-க்குப் போச்சு. இவ்ளோ கை மாறும்போது பேப்பர் எத்தன தொலைஞ்சிருக்கும், ஸ்டூடியோல பதிவு பண்ண ஒரிஜினல் டேப் எத்தன எந்த குடோன்ல விட்டுப் போயிருக்கும்? பெரிய ஆல்பத்த மட்டும் எல்லாரும் பத்திரமா தூக்கிட்டுப் போயிருப்பாங்க. சின்னது கிடந்துடும்.

எங்களுக்கு மிச்சம் இருக்கிறது ரெக்கார்டு ஃபேரு, பழைய சாமான் விக்கிற ஆக்ஸ்ஃபாம் கடை, ஆன்லைன்ல பழைய ரெக்கார்டு விக்கிற டிஸ்காக்ஸ். அதுல விஜி பிளஸ்னு (ரொம்ப நல்ல நிலைமைன்னு அர்த்தம்) போட்டு அனுப்புவான், வந்து பாத்தா வெளிச்சத்துல சாச்சதும் கீறல் கீறலாத் தெரியும். இல்லன்னா எல்பிலருந்து சுட்டு லைசென்ஸ் இல்லாம அடிச்ச சிடி, அதுல ஊசி விழுற சத்தம்கூட அப்படியே இருக்கும். வெர்டிகோ லேபிள்ல 1971-ல வந்த டியூடர் லாட்ஜ் ஒரிஜினல் மாதிரி ஒண்ணுக்கு சொல்ற விலையக் கேட்டா தலை சுத்தும். அந்தக் காசுல பாடினவங்களுக்கு ஒரு பைசா போகாது, உங்களுக்கும் போகாது, முழுக்க நடுவுல இருக்கிற வியாபாரிக்குத்தான். பிரிட்டன்ல ஒரு ஓவியர் வரைஞ்ச படத்த கேலரி திரும்ப வித்தா அவருக்குப் பங்கு கொடுக்கணும்னு சட்டம் இருக்கு, பாட்டுக்காரங்களுக்கு அதுவும் கிடையாது. அப்ப நீங்க வித்தாத்தான் அவங்களுக்கு காசு.

இப்ப சட்டத்துக்கு வரேன், ஏன்னா இந்த லெட்டரே அதுக்குத்தான். 2013 நவம்பர் 1-லருந்து பிரிட்டன்ல ஒலிப்பதிவோட காப்புரிமை 50 வருஷத்துலருந்து 70 ஆச்சு. அந்த இருபது வருஷம் உங்களுக்கு சும்மா கிடைச்ச லாட்டரின்னு நினைச்சுட்டீங்க போல, ஆனா கூடவே ஒரு கண்டிஷனும் வந்துச்சு. 50 வருஷம் முடிஞ்சப்புறமும் நீங்க போதுமான காப்பிய விக்கல, இல்லாட்டி ஆன்லைன்ல வைக்கலன்னா பாடினவங்க நோட்டீஸ் கொடுக்கலாம், அப்புறமும் 12 மாசம் நீங்க அசையலன்னா கான்ட்ராக்ட்ட முறிச்சுடலாம், அந்த ரெக்கார்டிங் மேல உங்களுக்கு இருந்த காப்புரிமை அத்தோட காலி. செஷன் வாசிச்சு ஒரே தடவ கூலி வாங்கிட்டுப் போனவங்களுக்குன்னு, அந்த எக்ஸ்ட்ரா வருஷங்கள்ல வர்ற வருமானத்துல 20% எடுத்து வைக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. வித்தாத்தானே 20%? பூஜ்யத்துல 20% எவ்ளோன்னு உங்க அக்கவுண்டன்ட்டயே கேட்டுப் பாருங்க.

கணக்குப் போடுங்க, 1970-ல வந்ததுக்கு 2020-ஓட 50 முடிஞ்சுது, பிரைட் ஃபீபஸுக்கு 2022-ஓட, 1975-ல வந்ததுக்கு 2025 டிசம்பரோட. மொத்த ஃபோக் ராக் பொற்காலமும் இந்தக் கண்டிஷனுக்குள்ள வந்தாச்சு. ஆனா நோட்டீஸ் யாரு கொடுக்கிறது? பாடினவங்க எழுபது எண்பது வயசுல இருக்காங்க, பாதிப் பேருகிட்ட கான்ட்ராக்ட் காப்பியே இருக்காது, உரிமை இப்ப எந்த கம்பெனிகிட்டன்னு எங்களுக்கே தெரியலன்னா அவங்க மட்டும் எந்த அட்ரஸுக்கு அனுப்புவாங்க? அதனால நோட்டீஸ் வரட்டும்னு காத்திருக்காதீங்கன்னு கேக்குறேன். உங்ககிட்ட என்னென்ன இருக்குன்னு ஒரு லிஸ்ட்ட வெளிய போடுங்க. போடுற ஐடியா இருந்தா போடுங்க. இல்லையா, பாடினவங்களக் கூப்ட்டு, அவங்க இல்லன்னா பிள்ளைங்களக் கூப்ட்டு, இந்தாங்கன்னு திருப்பிக் கொடுத்துடுங்க, டேப்போட சேத்து.

வாங்க ஆளு இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. வாஷ்டி பன்யன்னு ஒரு பாடகி 1970-ல பிலிப்ஸ்ல போட்ட ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே விக்கவே இல்ல, அவங்க பாட்டையே விட்டுட்டு குழந்தைங்க வளத்துட்டுப் போயிட்டாங்க. 2000-ல ஸ்பின்னின்னு ஒரு சின்ன லேபிள் திரும்பப் போட்டுச்சு, புதுத் தலைமுறை புடிச்சுக்கிச்சு, 2005-ல அவங்க ரெண்டாவது ஆல்பமே போட்டாங்க, முதல் ஆல்பத்துக்கு 35 வருஷம் கழிச்சு! ட்ரீஸ் பேண்ட் சிபிஎஸ் லேபிள்ல பாடின பழைய ஜார்டி பாட்டுலருந்து 2006-ல நார்ல்ஸ் பார்க்லிங்கிற அமெரிக்க ஜோடி ஒரு துண்ட சாம்பிள் எடுத்து தங்க பாட்டுல சேத்தாங்க, 2020-ல எர்த் ரெக்கார்டிங்ஸ் அந்த பேண்டுக்கு அம்பதாவது வருஷ பாக்ஸ் செட்டே போட்டுச்சு. நீங்க கஷ்டப்பட வேணாம், லைசென்ஸ் கொடுத்தா மிச்ச வேலைய அந்தச் சின்ன லேபிள்காரங்க பாத்துக்குவாங்க, அவங்களுக்கு இதுல உங்களவிட ஆசை ஜாஸ்தி.

ஒண்ணே ஒண்ணு ஒத்துக்கிறேன். பாடினவங்களே வேணாம்னா அது வேற. ஆன் பிரிக்ஸ்னு ஒரு நாட்டுப்பாட்டுப் பாடகி 1973-ல ஒரு ஆல்பம் பதிவு பண்ணிட்டு தன் குரல் தனக்கே புடிக்கலன்னு நிறுத்தி வச்சாங்க, இருபது வருஷத்துக்கு மேல கழிச்சுத்தான் ஃபிளெட்ஜ்லிங் லேபிள் போட்டுச்சு. அது அவங்க உரிமை, நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா நீங்க ஆன் பிரிக்ஸ் இல்லையே.

அப்புறம் டேப் நிலைமை. எழுபதுகளோட நடுவுலருந்து வந்த சில பிராண்ட் டேப்புல பசை காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும், அப்படியே ஓட விட்டா ஹெட்ல பிசுபிசுன்னு ஒட்டி கீச்சுன்னு கத்தும், பழுப்பாப் பொடி உரிஞ்சு வரும். அம்பது டிகிரி பக்கம் மணிக்கணக்கா இளஞ்சூட்ல வச்சு எடுத்தா கொஞ்ச நாளைக்கு ஓடும், அதுக்குள்ள காப்பி எடுத்துக்கணும். அதைச் செய்யத் தெரிஞ்ச இன்ஜினியருங்களுக்கும் வயசாகுது. அதனால லீகல் டிபார்ட்மென்ட்ல பேசி முடிக்கிற வரைக்கும் டேப்ப அப்படியே விடாதீங்க, முதல்ல எடுத்து டிஜிட்டல்ல ஏத்துங்க, சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்.

லிஸ்ட் எப்ப வரும்னு ஒரு தேதி மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
காசு கொடுத்து வாங்கத் தயாரா இருக்கிற ஒரு ரசிகன்