ஆசிரியர் பிள்ளைகளைத் தேடி வரட்டும்

கல்விச் செலவைத் தீர்மானிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகள் குறைவாக உள்ள உயர்நிலைப் பள்ளிகளின் நிலைமை உங்களுக்குப் புதிதல்ல. என் மகளின் பள்ளியிலும் தமிழ் வகுப்பு இல்லை; பள்ளி முடிந்தபின் வேறிடத்திலுள்ள தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்த்தான் படிக்கிறாள். ஓர் ஆசிரியரை அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். "இத்தனை குறைந்த மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று சென்ற வாரம் பதில் வந்தது.

யாருக்குக் கட்டுப்படியாகாது? தமிழ் வகுப்பு நாள்களில், பள்ளி முடிந்ததும் கேண்டீனில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு ஓடுகிறாள். பேருந்து, அப்புறம் எம்ஆர்டி ரயில், அப்புறம் நடை. வீடு சேரும்போது இருட்டிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் மற்றப் பாடங்களின் வீட்டுப்பாடம். இணைப்பாட நடவடிக்கையும் அதே நாள்களில் வருவதால், ஆசையாகச் சேர்ந்த பூப்பந்தை விட்டுவிட்டாள். பக்கத்து இருக்கையில் இருக்கும் சீனத் தோழிக்குத் தாய்மொழிப் பாடம் பள்ளி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை மேல் எனக்கு என்ன வருத்தம்? கணக்குப் போட்டவர்கள் மேல்தான்.

ஆசிரியரை எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள். இதைத்தான் கேட்கிறேன்.

1960இல் டச்சுப் பொருளாதார நிபுணர் வின்செமியஸ் தலைமையில் ஐநா குழு வந்தபோது இங்கே வேலையில்லாத் திண்டாட்டம். சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டே, 1966இல், உயர்நிலைப் பள்ளியிலும் இரண்டாம் மொழியைக் கட்டாயமாக்கினார்கள். கையில் காசில்லாத காலத்தில் கட்டுப்படியானது இப்போது கட்டுப்படியாகவில்லையாம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்கும் குறைவாகக் கல்விக்கு அரசு செலவழித்தே இவ்வளவு நல்ல தேர்ச்சியா என்று வெளிநாட்டார் வியக்கிறார்கள். 2023இல் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு (டியூஷனுக்கு) மட்டும் 1.8 பில்லியன் வெள்ளி கொடுத்ததையும் அவர்களிடம் சொல்லுங்களேன். நேரமிருந்தால் மாலை எம்ஆர்டியில் நின்றபடி தூங்கும் பிள்ளைகளையும் காட்டலாம், சுற்றுலா போல இருக்கும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குச் சேர்த்து ஓர் ஆசிரியர், நாள் மாற்றி வந்தால் போதும். அதுவரை நிலையத்துக்குப் போக ஒரு பேருந்தாவது ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் பேருந்தோடு நிறுத்திவிடாமல் ஆசிரியரையும் அனுப்புமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். "பரிசீலிக்கிறோம்" என்பதற்கு மேல் ஒரு வரி பதில் வந்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உயர்நிலை 1 மாணவியின் தாயார், ஈசூன்